கத்தியும் பனிக்கட்டியும்

கடமலைக்குண்டில் பனிக்கட்டியோடு கத்திச் சண்டை போட்டுத் தோற்ற மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த ஊர்ச் சித்திரை வெயிலை அனுபவித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே பனியாவது, கட்டியாவது! மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வையைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொள்வார்கள். அந்த ஊருக்கும் குளிருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். இருந்தாலும் சண்டை நடந்தது, நான் தோற்றேன், அதற்கு என் மச்சான் சாட்சி.

தேனியில் வருஷநாட்டுப் பஸ் ஏறிக் கண்டமனூரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் மலைகள் மெல்ல மெல்ல நெருங்கி வரத் தொடங்கும். தென்னந்தோப்புகள், நடு நடுவே கைகளை நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் இலவ மரங்கள், வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் மூல வைகை. போன ஐப்பசியில் நான் போனபோது அந்த மணலைக் காணோம். செக்கச் செவேலென்று தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக மழை. சுவரெல்லாம் ஈரம். தீப்பெட்டி கூடப் பற்றவில்லை. இந்த ஈரத்தைப் பற்றி இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் இதுதான் குற்றவாளி என்று நிரூபணமாகப் போகிறது.

என் பெரியம்மா மகள் அங்கேதான் இருக்கிறாள். கிராம சுகாதார செவிலியராக 1986-ல் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷம் மலையடிவாரத்து ஊர்களிலெல்லாம் குழந்தைகளுக்கு ஊசி போட்டு ஓய்வு பெற்றவள். நடையில் இன்னும் அந்த வேகம் போகவில்லை. மச்சானுக்குத் தென்னையும் இலவமும் உண்டு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதியும் உண்டு. காலையும் மாலையும் இன்சுலின். அக்காதான் போட்டுவிடுவாள். "ஊரு பூராவும் ஊசி போட்ட கை, மாப்பிள்ளை. ரிட்டையர் ஆன பெறகு கை சும்மா இருக்குமா? நான் ஒருத்தன் மாட்டிக்கிட்டேன்" என்பார் மச்சான்.

நான் போய்ச் சேர்ந்த அன்று வீட்டில் ஒரு சிறு துக்கம். இன்சுலின் புட்டி ஒன்றை அக்கா குப்பையில் போட்டிருந்தாள். மச்சான் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான இருக்கு? காசு குடுத்து வாங்குனது."

"உறைஞ்சு போனது. தொடாதீங்க" என்றாள் அக்கா.

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே ஐஸ் வைக்கிற சின்ன அறை. அந்த அறைக்குள் பனி வளர்ந்து, வளர்ந்து, அதன் சிறு கதவு மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குக் கீழே ஒரு தட்டு. அதில் மச்சான் புட்டியை அவசரத்தில் தள்ளி வைத்திருக்கிறார். மேலேயிருந்து இறங்கி வந்த பனி அதைத் தொட்டுவிட்டது. மருந்து உறைந்துவிட்டது. இன்சுலின் வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும், உருகின பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் மயிலாடும்பாறையில் ஒரு துக்க வீடு. அக்கா கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "சாயங்காலம் வந்து நான் ஆஃப் பண்ணிக்கிறேன். அதைத் தொட வேண்டாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, மச்சானைப் பார்த்துச் சொன்னாளா என்பது விவாதத்துக்கு உரியது. மச்சானிடம்தான் சொன்னாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு குறை உண்டு. கையால் ஒரு காரியம் செய்து காட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். பாவம் அக்கா, வயதான காலத்தில் அவள் எதற்கு இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இந்த நினைப்பில் அன்பு பாதி, அகங்காரம் பாதி. தோப்பு வீட்டில் ஆயுதத்துக்கா பஞ்சம்? தேங்காய்ப் பருப்பை நெம்பி எடுக்கிற, முனை வளைந்த கத்தி ஒன்று அடுப்பங்கரைச் சுவரில் தொங்கிற்று. எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பம் அருமையாக இருந்தது. ஒரு குத்து, பாளம் பாளமாக விழுந்தது. முகத்தில் குளிர்ந்த தூள் தெறித்தது. மச்சான் கட்டிலில் சாய்ந்தபடி, "ஆகா, மாப்பிள்ளை! எவரெஸ்ட் ஏறுறாப்பல இருக்கு" என்று உற்சாகப்படுத்தினார். மேல் அடுக்கெல்லாம் பொருபொருவென்று உதிர்ந்தது. அடியில் இருந்தது வேறு ஜாதி. கண்ணாடி போல இறுகித் தகட்டோடு தகடாகப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கத்தியை இடுக்கில் கொடுத்து நெம்பினேன்.

'உஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம்.

மச்சான் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, பாம்பு!"

பாம்பாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்துவிட்டுப் பெருமை பேசலாம். அந்தச் சத்தம் ஒரு நிமிஷம் சீறி, அப்புறம் இளைத்து, அப்புறம் நின்றுவிட்டது. அதன் பிறகு பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, குளிரவில்லை. உயிர் போன பிறகும் கை கால் அசைகிற மாதிரி இருந்தது அது. கீழ்த் தட்டில் மச்சானுடைய இன்சுலின் இன்னும் மூன்று புட்டி இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். துக்க வீட்டுக்குப் போய் வந்தவள். குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சத்தம் வந்தப்ப அடுப்பு எரிஞ்சுதா? தீக்குச்சி கிழிச்சீங்களா?"

"இல்லை."

"சாமி காப்பாத்துச்சு."

இந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இருக்கிற வாயு, சமையல் வாயுவுக்குச் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். பெட்டிக்குள் இருப்பது கொஞ்சம்தான் என்றாலும், மூடின அறைக்குள் ஒரு பொறி போதுமாம். பழைய வாயுக்கள் தீப்பிடிக்காதவை. ஆனால் அவற்றில் சில ஆகாயத்தில் ஓசோனைத் தின்றன, மற்றவை உலகத்தைச் சூடாக்கின. அவற்றை விலக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதெல்லாம் பிற்பாடு மெக்கானிக் சொன்னது. அக்கா எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். பிறகு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நேரே போய் அந்த மூன்று புட்டிகளையும் எடுத்தாள். உபயோகத்தில் இருந்த ஒன்றை மட்டும் பிரித்து, ஒரு டம்ளரில் போட்டு, தண்ணீர்ப் பானைக்குள் மிதக்க விட்டாள். திறந்த புட்டி அதிக வெயில் படாத இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். மண்பானைக் குளிர்ச்சி போதும். திறக்காத இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது அலமாரியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டம்மாளின் ஃபிரிட்ஜை அக்கா பரிசோதித்ததைப் பார்க்க வேண்டும்! பெண் பார்க்கப் போனவர்கள் கூட அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க மாட்டார்கள். தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தாள். ஐந்து காட்டிற்று. அப்புறம்தான் புட்டிகள் உள்ளே போயின. அதுவும் மேல் அறையிலிருந்து எட்டத் தள்ளி, பின்சுவரில் படாமல்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஏன் தம்பி, பனி கட்டினா என்ன நினைக்கிற நீ? பெட்டி நல்லாக் குளுருதுன்னுதானே?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். உங்களில் பல பேரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"இல்லை. குளுரவிடாமப் பண்ணுது. மச்சான் கட்டிலைப் பாரு. இலவம்பஞ்சு மெத்தை. மார்கழியில அதுக்குள்ள படுத்தா ஏன் கதகதன்னு இருக்கு? பஞ்சு சூடா? பஞ்சுக்குள்ள காத்து. காத்து மாட்டிக்கிட்டா சூடும் போகாது, குளிரும் போகாது. பனிப்பூவும் அதேதான். தகட்டுல இருக்கிற குளிரு பெட்டிக்குள்ள வரணும். நடுவுல மெத்தையைப் போட்டு மூடியாச்சு. அப்புறம் மோட்டார் ராப்பகலா ஓடும், கரண்டு பில் ஏறும், கீழே வச்ச பால் திரியும்."

என் வாழ்நாளில் படித்த விஞ்ஞானப் பாடங்களில் இதற்கு இணையான ஒன்றைச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் யாருக்குச் சொன்னாலும் விளங்கும். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வட்டாரத்தில் இலவம்பஞ்சை அறியாத வீடு ஏது? பங்குனி, சித்திரையில் காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். 1833-ல் அமெரிக்காக்காரர்கள் பாஸ்டனிலிருந்து ஐஸைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தபோது மரத்தூளால் போர்த்தித்தான் கொண்டுவந்தார்கள். நாலு மாதக் கடல் பிரயாணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர்கள் கட்டின ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மரத்தூளானாலும் பஞ்சானாலும் பனியானாலும் சூத்திரம் ஒன்றே. வெளியே போர்த்தினால் நன்மை. உள்ளே போர்த்தினால் தொல்லை.

அந்தப் பனி எங்கிருந்து வருகிறது? பெட்டி அதைத் தயாரிப்பதில்லை. நாம்தான் கொடுக்கிறோம். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டுப் பூவாகப் படிகிறது. ஐப்பசி மழைக் காற்றில் ஈரம் அதிகம், பனியும் அதிகம். மூடாமல் வைத்த ரசம், ஆறாமல் வைத்த சோறு, கிழிந்துபோன கதவு ரப்பர், 'ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறேன்' என்று மணிக்கு நாலு தடவை திறந்து பார்க்கிற மச்சான் — எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு ரூபாய் நோட்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னாள் அக்கா. செத்துப்போன பெட்டிதான், இருந்தாலும் பார்த்தேன். ஒரு மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. வியாதியின் மூலம் அங்கே இருந்திருக்கிறது. நான் கத்தியோடு வேறு இடத்தில் தேடியிருக்கிறேன்.

இருட்டிவிட்டது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அக்கா தன் பழைய உத்தியோகக் கதைகளைச் சொல்லத் தொடங்கினாள். தடுப்பூசி மருந்துகளை வைக்கிற ஆஸ்பத்திரிப் பெட்டி வேறு விதம். மேல் பக்கமாகத் திறக்கும். குளிர்ந்த காற்று கனமானது அல்லவா? பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் தண்ணீர் மாதிரி வெளியே கொட்டிவிடும். மேல் மூடியைத் திறந்தால் கிணற்றுக்குள் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும். அதன் சுவருக்குள்ளேயே தண்ணீர் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது உறைந்து சுவரைச் சுற்றிப் பனிக்கட்டியாக நிற்கும். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தால் போதும், மருந்து கெடாது. ஆக, சுவருக்குள்ளே இருக்கிற ஐஸ் ரக்ஷிக்கிறது. சுவருக்கு உட்புறத்தில் கட்டுகிற ஐஸ் கெடுக்கிறது. அது அரை சென்டிமீட்டருக்கு மேல் கனத்தால் உடனே பெட்டியை நிறுத்திப் பனியைக் கரைக்க வேண்டும் என்பது சட்டம்.

"கத்தி, ஸ்குரூடிரைவர் கூடாது. கொதிக்கிற தண்ணி ஊத்தக் கூடாது. மருந்தை எடுத்து ஐஸ் வச்ச குளிர்ப்பெட்டிக்கு மாத்தணும். சுவிட்சை அணைக்கணும். மூடியைத் திறந்து வைக்கணும். அப்புறம் சும்மா உக்காந்திருக்கணும். எல்லாரும் நல்லாச் செய்வாங்க தம்பி. அந்தக் கடைசி வேலையைத்தான் ஒருத்தரும் செய்ய மாட்டாங்க."

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான உத்தியோகம் என்பதற்கு அவள் சொன்ன ஒரு சம்பவத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுபோக ஒரு கைப்பெட்டி உண்டு. நாலு பக்கமும் நாலு ஐஸ் பை, நடுவில் மருந்து. ஆழ்ந்த குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே அந்த ஐஸ் பையை உள்ளே வைத்துவிடக் கூடாது. வெளியே எடுத்து மேஜை மேல் பரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருக்கும். அப்புறம் வியர்க்கும். கையில் எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளக்கென்று அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் அது பூஜ்யம் டிகிரிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு வைத்தால், முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்துவிடும்.

ஒரு தடவை, அக்கா விடுப்பில் போய் வந்த மறுநாள். வேறு யாரோ பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏறிப் போய்விட்டாள். மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் பையில் பனி பூத்தபடி இருக்கிறது, வியர்க்கவே இல்லை. புட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடியில் கட்டி. வாசலில் பதினேழு தாய்மார்கள். எல்லோரும் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். சிலர் இடுப்பில் குழந்தையோடு இரண்டு மணி நேரம் நடந்து இறங்கி வந்தவர்கள்.

"புட்டி மேல ஒரு அடையாளம் ஒட்டியிருப்பாங்க தம்பி. வட்டத்துக்குள்ள சதுரம். சூடு பட்டா சதுரம் கறுக்கும். அதைப் பார்த்தேன். வெள்ளையா, நல்லா இருக்கு. அது சூட்டைத்தான் காட்டும், உறைஞ்சதைக் காட்டாது. உருகவிட்டு ஊசியில ஏத்தினா ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை அழும், கையில கட்டு வரும், அட்டையில எழுதிடலாம். எல்லாம் சரியா நடந்த மாதிரியே இருக்கும். மருந்து மட்டும் செத்துப் போயிருக்கும்."

"என்ன செய்தாய்?"

"திருப்பி அனுப்பிட்டேன். பதினேழு பேரையும்."

அதிகாரி ஒருவர் கோபித்துக்கொண்டாராம். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று. அதை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு கிழவி மட்டும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். "எங்களை நாயா நடக்க வச்சியே, உன் கை வெளங்குமா?" என்று. அடுத்த வாரம் அக்கா மறுபடியும் போனாள். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, ஐஸ் பைகளைப் பரப்பி, வியர்க்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பெட்டியைக் கட்டினாள். பதினாறு பேர் வந்தார்கள். கிழவி வரவில்லை. அக்கா அன்று கூட்டம் முடிந்ததும் அந்தக் கிழவியின் குடிசையைத் தேடி மேலே ஏறிப் போய், பேரனுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தாளாம்.

"அந்தப் பையன் இப்ப ஆண்டிபட்டியில ஆட்டோ ஓட்டுறான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

2014-ல் நமது தேசத்தை இளம்பிள்ளை வாதம் ஒழிந்த தேசம் என்று அறிவித்தார்கள் அல்லவா? மேடையில் பலர் மாலை போட்டுக்கொண்டார்கள். ஐஸ் பை வியர்க்கட்டும் என்று விடியற்காலையில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று ராத்திரி அக்கா மகன் கானடாவிலிருந்து கூப்பிட்டான். கைபேசியில் முகம் தெரிந்தது. பின்னால் ஜன்னலுக்கு வெளியே வெளேரென்று பனி. "என்ன மாமா, ஃபிரிட்ஜைக் கொலை பண்ணிட்டீங்களாமே?" என்றான். கடல் கடந்து செய்தி போயிருக்கிறது! மச்சானைத் தவிர வேறு யார்?

அவன் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. டொராண்டோ விமான நிலையத்தில், குளிர்காலத்தில் விமானம் கிளம்புமுன் ஒரு தனி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களாம். உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்றாம் அது. நீண்ட கைகளுள்ள லாரிகள் இரண்டு பக்கமும் வந்து நின்று, தென்னைக்கு மருந்து அடிக்கிற மாதிரி இறக்கைகள் மேல் பீய்ச்சுகின்றன. முதலில் ஆரஞ்சு நிறத்தில், சூடாக. அது இருக்கிற பனியைக் கரைக்கிறது. பிறகு பச்சை நிறத்தில், கூழ் போல. அது புதிதாகப் பனி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. கிளைக்கால் என்ற ரசாயனம். விமானம் ஓடி வேகம் பிடிக்கும்போது அந்தக் கூழ் தானாக வழிந்து போய்விடும். சாலைகளுக்கோ உப்பு. ஐஸ் மேல் உப்பைத் தூவினால் அது பூஜ்யம் டிகிரியில் உறைய முடியாமல் நீராகிவிடும். நம்மூர்க் குல்பிக்காரன் ஐஸில் உப்பைப் போடுவதும் இதே குணத்தை வைத்துத்தான். அவன் அதைக் கொண்டு உறைய வைக்கிறான். இவர்கள் அதைக் கொண்டு கரைக்கிறார்கள்.

"சின்ன விமானங்கள்ல இறக்கை ஓரத்துல ரப்பர் பை வச்சிருப்பான் மாமா. காத்தை ஊதினா உப்பும். ஐஸ் வெடிச்சு உதிர்ந்துடும். ஜெட் விமானத்துல எஞ்சின் சூட்டுக் காத்தையே இறக்கைக்குள்ள விடுவான். கத்தி எங்கேயும் கிடையாது" என்றான். அந்தக் கடைசி வாக்கியம் அவசியமில்லை என்று நினைக்கிறேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இறக்கை மேல் ஒரு பிடி பனி இருந்தால் அவ்வளவு பெரிய விமானத்துக்கு என்ன வந்துவிடும் என்று கைபேசியிலேயே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். கனம் அல்ல காரணம். தச்சர்கள் மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாளின் சொரசொரப்பு அளவுக்குப் பனி படிந்தால் போதும். இறக்கையின் தூக்கும் சக்தி முப்பது சதவிகிதம் வரை குறைந்துவிடும். 1982, ஜனவரி 13. வாஷிங்டனில் கடும் பனி. ஏர் ஃபுளோரிடா கம்பெனியின் விமானம் ஒன்று பனியை நீக்கிக்கொண்டு புறப்பட்டது. ஆனால் வரிசையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. பனி மறுபடியும் படிந்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை நீக்கிக்கொண்டால் இன்னும் நேரமாகும். முன்னால் நின்ற விமானத்தின் எஞ்சின் சூட்டில் கரையட்டும் என்று அதற்குப் பின்னால் நெருங்கி நின்றார்கள். கரைந்தது உண்மை, கரைந்த நீர் இறக்கை விளிம்பில் மறுபடி உறைந்தது. எஞ்சினுக்குப் பனி பிடிக்காமல் காக்கிற சாதனத்தையும் அவர்கள் போடவில்லை. அதனால் எஞ்சினின் பலத்தை அளக்கிற குழாயின் வாய் பனியால் அடைத்துக்கொண்டது. முள், பலம் நிறைய இருக்கிறது என்று பொய் சொல்லிற்று. துணை விமானி அது சரியில்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கிளம்பினார்கள். அரை நிமிஷத்தில் போடோமாக் நதிப் பாலத்தில் மோதி உறைந்த நதிக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் கார்களில் போய்க்கொண்டிருந்த 4 பேரும் மாண்டார்கள்.

காலையில் இதை அக்காவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். "அந்தத் துணை விமானி சொன்னாரில்ல?" என்றாள்.

"சொன்னார்."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கும்போது திரும்பிப் போறது கஷ்டம் தம்பி" என்றாள்.

தேனியிலிருந்து மெக்கானிக் வந்தார். இளைஞர். பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கின கத்தியைப் பார்த்தார். துப்பறியும் நாவல்களில் கூட அவ்வளவு சீக்கிரம் குற்றவாளியைப் பிடிப்பதில்லை. "மாசத்துல ரெண்டு மூணு பேர் இப்படிக் கூப்பிடுவாங்க சார். தகட்டுக்குள்ளதான் கேஸ் ஓடுற வழி இருக்கு. ஓட்டையை அடைக்கலாம்; நிக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். தகடு மாற்றுகிற செலவைக் கேட்டதும் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் என்று தோன்றிற்று. என் செலவில்தான், அதில் விவாதம் ஏற்படவில்லை.

பனியே கட்டாத பெட்டி வாங்கலாம் என்று நான் சொன்னேன். அதிலும் பனி கட்டத்தான் செய்கிறதாம், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பின்புறத்தில் ஒளித்து வைத்த குழாய்கள் மேல் படிகிறது. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை மோட்டார் நின்று, சிறு சூட்டுக் கம்பி ஒன்று எரிந்து அதைக் கரைக்கிறது. தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, மோட்டார் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. அக்கா உட்கார்ந்து செய்கிற வேலையை அது தானே செய்துகொள்கிறது. ஆனால் அக்கா வேண்டாம் என்றாள். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் மேல் அறையில் இருக்கிற ஐஸ் ஒரு கைகாவல் என்பது அவள் கட்சி. "பனி கட்டட்டும். நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

தைப் பொங்கலுக்கு மறுபடியும் போனேன். புதுப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, எதிரில் ஒரு கட்டம், செய்து முடித்தால் அதில் அக்காவின் கையெழுத்து. அரசாங்க வேலை பார்த்த கை! பொங்கலன்று வேலை அதிகமாதலால் அந்த மாதம் மட்டும் மறுநாளைக்குத் தள்ளியிருந்தாள். மாட்டுப் பொங்கலன்று இரவு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு, இன்சுலின் புட்டிகளைச் சின்னக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றினாள். ஐஸ் பை வியர்த்துவிட்டதா என்று என் காதருகேயும் ஒரு தடவை குலுக்கிக் காட்டினாள். சளக்கென்றது. சுவிட்சை அணைத்தாள். கதவைத் திறந்து வைத்தாள். மேல் அறைக்கு அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்தாள். தேங்காய் நெம்புகிற கத்தியைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் பெட்டிக்கு எதிரே பாய் போட்டுக்கொண்டேன். இருட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து கையை வைத்துப் பார்க்க வேண்டும் போல மூன்று தடவை தோன்றிற்று. மூன்று தடவையும் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. பின்ஜாமத்தில் 'தொபீர்' என்று ஒரு சத்தம். முழங்கை நீளத்துக்கு ஒரு பாளம், தகட்டை விட்டுத் தானாகவே கழன்று தாம்பாளத்தில் விழுந்து கிடந்தது.

கட்டிலிலிருந்து மச்சான் குரல் வந்தது. "என்ன மாப்பிள்ளை, பாம்பு போயிருச்சா?"